பக்கத்து விளக்கின் தொல்லை

ஒளியில் குரலை ஏற்றி அனுப்பியபோது, முதலில் அதற்குப் போட்டிக்கு ஆளே இல்லை. 1880 ஜூனில், வாஷிங்டன் நகரின் பிராங்க்ளின் பள்ளி மாடியில் நின்று சார்லஸ் சம்னர் டெய்ன்ட்டர் பேசினார். குரலுக்கேற்ப ஒரு மெல்லிய கண்ணாடி அதிர்ந்தது. அதில் பட்டுத் திரும்பிய வெயில் 213 மீட்டர் கடந்து அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் ஆய்வுக்கூட ஜன்னலை எட்டியது. அங்கே இருந்த செலினியம் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மறுபடியும் பேச்சாக்கியது. இந்த ஃபோட்டோஃபோனை டெலிபோனைவிட உயர்வாக மதித்தார் பெல். அப்போது பிறந்த மகளுக்கே அந்தப் பெயரைச் சூட்ட நினைத்தார் என்பார்கள். நல்லவேளை, மனைவி சம்மதிக்கவில்லை. மேகம் வந்தால் பேச்சு நின்றது. ஆனால் இன்னொரு ஒளி குறுக்கே புகுந்து பேசுமோ என்ற கவலை இல்லை. ஊரிலேயே பேசும் ஒளி அது ஒன்றுதான்.

மாடியிலிருந்து அறைக்குள் வர அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. 1979-இல் சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிகோனில், ஐபிஎம் ஆய்வுக்கூடத்தின் கிஃபெல்லரும் பாப்ஸ்ட்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அறை முழுக்கச் சிதறவிட்டுத் தரவு அனுப்பும் வழியை எழுதினார்கள். 1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா பளிச்சென்ற நீல எல்இடியைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அதிலிருந்து வெள்ளை எல்இடி பிறந்தது. ட்யூப்லைட்டால் முடியாத ஒன்று இதற்கு முடியும்: நொடிக்குப் பல லட்சம் முறை மங்கிப் பிரகாசித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. விளக்கே பேசட்டுமே என்றார்கள் கெயோ பல்கலைக்கழகத்தில்.

அங்கிருந்து கொமினேயும் நாகாகாவாவும் 2004-இல் வெளியிட்ட கட்டுரையில் வரும் அறை, ஐந்து மீட்டர் நீளமும் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்டது. கூரையில் நான்கு விளக்குகள், ஒவ்வொன்றிலும் 3,600 எல்இடிகள். நான்கும் ஒரே செய்தியைச் சொன்னதால் சண்டை இல்லை. தூரத்து விளக்கின் ஒளி சற்றுத் தாமதமாக வருவதுதான் சிக்கல். மூன்று மீட்டர் கூடுதலாகப் பயணித்தால் பத்து நானோ விநாடி பிந்தும்.

2011-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஹாஸ் விளக்கொளியில் தரவு அனுப்பும் இந்த முறைக்கு லைஃபை என்று பெயரிட்டார். ஒவ்வொரு விளக்கும் தனி ஆக்சஸ் பாயிண்ட், தனக்குக் கீழே உள்ளவருக்கு மட்டும் தனிச் செய்தி அனுப்பும் என்பது திட்டம். இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள அந்த வட்டத்தை அவர் அட்டோசெல் என்றார். தொல்லை இங்கேதான் தொடங்கியது. இரண்டு விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தவரின் நிலை, ஆடி மாதத்தில் இரண்டு கோயில் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே வீடு கட்டியவரின் நிலைதான். பாட்டு இரண்டும் காதில் விழும், வரி ஒன்றும் புரியாது. ஒளி உணரி மொத்த வெளிச்சத்தின் அளவை மட்டுமே அளக்கிறது. எது எந்த விளக்கினுடையது என்று அதற்குத் தெரியாது. சுவரைத் தாண்டாது என்பது ஒளியின் பெரிய பலம்தான், ஆனால் ஒரே அறைக்குள் அந்தப் பலம் உதவுவதில்லை.

என் பார்வையில் இது கோளாறு அல்ல, ஒரே விளக்கிடம் எதிரெதிரான இரண்டு வேலைகளைக் கேட்டதன் விளைவு. மேசையில் நிழல் விழாதிருக்க, ஒரு விளக்கின் வெளிச்சம் அடுத்ததன் மேல் படர வேண்டும். கெயோ கட்டுரையின் விளக்குகளும் அப்படித்தான்: நேர் கீழிலிருந்து 70 பாகை சாய்ந்தால்தான் ஒளி பாதியாகும். வலையமைப்பு போடுபவருக்கோ அந்தப் படரல்தான் பகை. கற்றையைக் குறுக்கினால் குறுக்கீடு குறையும், அறையில் வட்ட வட்டமாக இருட்டும் விழும்.

செல்போன் டவர்களில் செய்வதுபோல, பக்கத்துப் பக்கத்து விளக்குகளுக்கு வெவ்வேறு அலைவரிசையைப் பிரித்துத் தரலாம். ஆனால் பாஸ்பர் பூசிய வெள்ளை எல்இடியிடம் இருப்பதே சில மெகாஹெர்ட்ஸ்தான். அதை மூன்றாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பம். எல்லையில் இருப்பவருக்கு இரண்டு விளக்குகளும் சேர்ந்து ஒரே செய்தியை அனுப்பலாம், அல்லது அவரை வைஃபையிடம் ஒப்படைத்துவிடலாம். வெவ்வேறு திசை பார்க்கும் பல உணரிகளை வைத்து, நல்ல ஒளி வரும் திசையை மட்டும் கேட்பது எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த வழி. விளக்கை ஒன்றும் செய்ய வேண்டாம், கேட்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்.

லைஃபைக்காக 2023-இல் வந்த ஐஇஇஇ 802.11பிபி தரநிலை 800 முதல் 1,000 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பைத் தேர்ந்தெடுத்தது. விளக்கும் செய்தியும் அங்கே பிரிகின்றன. வெளிச்சத்தைக் கெடுக்காமல் கற்றையைக் குறுக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தரநிலை வைஃபையின் பழக்கத்தையும் கூடவே அழைத்து வந்தது: பேசுமுன் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுப்பது. ரேடியோவுக்கு அது பொருந்தும். கூரையிலோ பக்கத்துப் பக்கத்து ஆக்சஸ் பாயிண்ட் முனைகள் இரண்டும் தரையைப் பார்த்தபடி தொங்குகின்றன. ஒன்றின் பேச்சு மற்றதற்குச் சரியாக எட்டாது. இடைஞ்சலை உணர்வது கீழே இருக்கும் போன் மட்டும்தான். அதையே பேசவிடும் முறையை, விமானத்தின் பயணிகள் அறையை மனத்தில் வைத்து, கிமிரேயும் ஹாஸும் 2012-லேயே எழுதியிருந்தார்கள். செய்தி நன்றாகக் கிடைத்தால், ‘இந்த நேரக்கூறு என்னுடையது’ என்று போன் ஒரு சிறு துடிப்பை மேலே அனுப்பும். அதைப் பலமாகக் கேட்கும் பக்கத்து முனை அந்தக் கூறில் வாய் திறக்காது. கேட்காத முனைக்கு ஒதுங்கவேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் அதன் ஒளியும் அந்தப் போனை எட்டப்போவதில்லை.