அறிவினாவும் அறியாவினாவும்

குழந்தைகள் கதை கட்டுவார்கள் என்று சொல்லியே நீதிமன்றங்கள் நெடுங்காலம் அவர்களின் சாட்சியத்தை ஒதுக்கிவந்தன. அமெரிக்காவில் 1970களின் பெண்ணிய இயக்கம், வீட்டுக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைப் பொதுவெளியில் பேசவைத்தது. குழந்தைகளை நம்புங்கள் என்ற குரல் எழுந்தது. நியாயமான குரல். ஆனால் நம்புவதற்கு முன் குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு அன்று சோதித்தறிந்த முறை எதுவும் இல்லை. அதற்கான விலையைக் குழந்தைகளும் பெண்களும் கொடுத்தார்கள்.

நியூஜெர்சி மாநிலம் மேப்பிள்வுட்டில் ஒரு மழலையர் பள்ளி. 1985இல் அங்கு படித்த நான்கு வயதுச் சிறுவனுக்கு மருத்துவரிடம் ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் காய்ச்சல் பார்த்தார்கள். பள்ளியில் டீச்சரும் இப்படிச் செய்வார் என்றான் அவன். கட்டாயம் விசாரிக்க வேண்டிய சொல்தான். ஆனால், விசாரித்தவர்கள் 'இல்லை' என்ற குழந்தைகளிடம் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள் என்றார்கள். பரிசு காட்டினார்கள், மிரட்டினார்கள், டீச்சர் கெட்டவர் என்றார்கள். முதற்கட்ட விசாரணைகள் பலவற்றுக்குப் பதிவே இல்லை.

இருபதுகளில் இருந்த ஆசிரியை கெல்லி மைக்கேல்ஸுக்கு 1988இல் 115 குற்றச்சாட்டுகளின்பேரில் 47 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் சிறையில் கழிந்தபின், 1993இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. மீண்டும் வழக்கு நடத்துவதானால் குழந்தைகளின் சொற்கள் நம்பத்தக்கவை என்று அரசுத்தரப்பு முதலில் நிறுவ வேண்டும் என 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுவிசாரணை நடக்கவேயில்லை.

தமிழ் இலக்கணம் நடத்தும் எனக்கு இந்த வழக்கு நன்னூலின் வினா வகைகளை நினைவூட்டுகிறது. விடை தெரிந்தே ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. சிறு குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்டுப் பழகியது பெரும்பாலும் அறிவினாவைத்தான்: இது என்ன நிறம், மாடு எப்படிக் கத்தும்? அதே கேள்வி மறுபடி வந்தால், முதலில் சொன்ன விடை தவறு என்று எண்ணி மாற்றிச் சொல்லும். மேப்பிள்வுட்டில் கேட்டவர்கள், விடை தங்களுக்குத் தெரியும் என்ற நிச்சயத்தோடு கேட்டார்கள்.

கலிஃபோர்னியாவின் மக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கிலும் இதே போன்ற விசாரணைதான் நடந்தது. அங்கு பயன்பட்ட உத்திகளை வைத்து 1998இல் ஓர் ஆய்வு வெளியானது. வகுப்புக்கு வந்து கதை சொல்லிப்போன ஒருவரைப் பற்றி, மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் நடக்காதவற்றைக் கேட்டார்கள். பதிலைச் சுட்டும் கேள்விகள் மட்டும் கேட்டபோது 17 சதவீதம் தவறான 'ஆமாம்' வந்தது. பாராட்டும் அழுத்தமும் சேர்ந்தபோது அது 58 சதவீதமாக உயர்ந்தது. சில நிமிட விசாரணையே அதற்குப் போதுமாக இருந்தது.

இந்த அனுபவத்திலிருந்துதான் உளவியலாளர் மைக்கேல் லாம்பும் சக ஆய்வாளர்களும் புதிய நேர்காணல் முறையை வகுத்தார்கள். தெரியாது என்று சொல்லலாம் என முதலிலேயே குழந்தைக்குச் சொல்லிவிட வேண்டும். சாதாரண நிகழ்வொன்றைச் சொல்லவைத்துப் பழக்க வேண்டும். பிறகு, நடந்ததையெல்லாம் சொல் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதைப் பேசுவது குற்றவாளிகளுக்கு உதவும் என்ற அச்சம் பெண்ணியர்களிடம் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவறாகக் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியும், உண்மையாகவே பாதிக்கப்பட்ட குழந்தையின் சொல்லை உடைக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கிடைக்கும் ஆயுதம். நம் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை அணியாத காவல் அதிகாரி பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. சீருடை இல்லாமல் வந்து அமர்பவர் எந்த வினாவோடு வருகிறார் என்பதையும் நாம்தான் கவனிக்க வேண்டும்.