கிழட்டு இரும்பு வாங்கிய பட்டம்!

வீட்டு ஷெட்டில் டர்போ என்ஜின் கட்டப் போகிறீர்களா? எல்லாமே புத்தம் புதுசாக வாங்கிவிடலாம் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், ஒரு கதை சொல்கிறேன்!

1980-களின் தொடக்கம். ஜெர்மனியின் ம்யூனிக் நகரம். ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காக டர்போ என்ஜின் தயாரிக்கிறது பி.எம்.டபிள்யூ. பொறுப்பு, பால் ரோஷே என்ற என்ஜினீயர் கையில். மனிதர் எதை எடுத்தார் தெரியுமா? 1962-ல் குடும்பஸ்தர்கள் வாங்கிய 1500 என்ற காரின் வம்சத்து நாலு சிலிண்டர் வார்ப்பிரும்பு பிளாக்கை! அதிலும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிழடுகளைத் தேடிப் பிடித்தார்.

பைத்தியமா? இல்லை. உருக்கிய இரும்பு அச்சுக்குள் ஒரே சீராக ஆறாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். வருஷக்கணக்கில் சூடேறி, ஆறி, மறுபடி சூடேறினால் இறுக்கம் தளரும். பிறகு அது லேசில் கோணாது!

ஆனால், பிஸ்டன் விஷயத்தில் அவர் பழசைத் தொடவில்லை. டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தில் சாதா பிஸ்டன் தாங்குமா, என்ன?

1982 ஜூனில் டெட்ராய்ட்டில் நெல்சன் பிகே தகுதிச் சுற்றிலேயே அவுட். அடுத்த வாரமே கனடாவில் அதே என்ஜினோடு முதலிடம்! 1983 அக்டோபர் 15, தென் ஆப்பிரிக்காவின் கியாலமி. போட்டியாளர் அலென் புரோஸ்டின் டர்போ பாதியில் மண்டையைப் போட, மூன்றாவதாக வந்த பிகே, இரண்டே பாயின்ட் வித்தியாசத்தில் உலக சாம்பியன்! சுமார் 80 குதிரைசக்திக்காகப் பிறந்த பிளாக், 600-ஐத் தாண்டி நின்றது.

ஆகவே, அசையாமல் தாங்க வேண்டியது பழகிய இரும்பாகவே இருக்கட்டும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்!