கே-38 மாஸ்டர்பீஸ்

கே-38 மாஸ்டர்பீஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் தயாரித்த, ஆறு தோட்டாக்கள் கொள்ளும் இலக்குச் சுழல்துப்பாக்கி ஆகும். நடுத்தர அளவுள்ள சட்டகம், நீண்ட குழல், திருகுகளால் நகர்த்தக்கூடிய பின்குறி ஆகியவை இதன் முதன்மைக் கூறுகள். இது .38 ஸ்பெஷல் தோட்டாவைப் பயன்படுத்துகிறது. 1957இல் நிறுவனம் தன் துப்பாக்கிகளுக்கு எண்களை வழங்கியபோது இது மாடல் 14 எனப் பெயர் பெற்றது.

வரலாறு

ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1899இல் வெளியிட்ட .38 மிலிட்டரி அண்ட் போலீஸ் சுழல்துப்பாக்கியின் சட்டகமே பின்னர் "கே சட்டகம்" எனப்பட்டது. அத்துப்பாக்கியின் பின்குறி சட்டகத்தின் மேற்பகுதியில் வெட்டப்பட்ட ஒரு பள்ளமே. அதனை நகர்த்த இயலாது. போட்டியாளர்களுக்கு இது போதவில்லை. 1904 முதல் கோல்ட் நிறுவனம் தயாரித்த ஆபீசர்ஸ் மாடல் இத்துறையில் வலுவான போட்டியாக இருந்தது.

1931இல் .22 அளவுள்ள கே-22 அவுட்டோர்ஸ்மன் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1940களின் இறுதியில், கே-22, கே-32, கே-38 ஆகிய மூன்றும் மாஸ்டர்பீஸ் என்ற பொதுப்பெயரில் விற்பனைக்கு வந்தன. அமெரிக்கப் போட்டிகளில் ஒருவரே வெவ்வேறு அளவுத் துப்பாக்கிகளால் சுட வேண்டியிருந்தது. எனவே தோட்டா நிரப்பிய நிலையில் மூன்றும் ஏறத்தாழ ஒரே எடையில், அதாவது சுமார் 1.1 கிலோகிராம் அளவில், இருக்கும்படி வடிவமைக்கப்பட்டன. குழல் துளை சிறியதாக உள்ள துப்பாக்கியில் இரும்பு மிகுந்து எடை கூடும். குழலின் மேலுள்ள விலாப்பட்டையின் அகலத்தை மாற்றி இவ்வேறுபாடு சரிசெய்யப்பட்டது.

அமைப்பு

பெரும்பாலான கே-38 துப்பாக்கிகள் 6 அங்குலக் (152 மி.மீ) குழலும், சில 8⅜ அங்குலக் (213 மி.மீ) குழலும் கொண்டவை. 4 அங்குலக் குழல் கொண்ட உடன்பிறப்பு காம்பட் மாஸ்டர்பீஸ், அதாவது மாடல் 15 ஆகும். சுத்தியைக் கையால் பின்னிழுத்தும், விசையை மட்டும் நீள இழுத்தும் சுடலாம். துல்லியப் போட்டிகளில் முதல் முறையே விரும்பப்பட்டது. இம்முறையில் மட்டுமே இயங்கும் வகையும் தயாரிக்கப்பட்டது.

நீண்ட குழலின் பயன்

நீண்ட குழலால் துப்பாக்கி தானாகவே துல்லியம் பெறுகிறது என்பது பரவலான தவறான கருத்து. முதன்மைப் பயன், முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தொலைவு கூடுவதே. முன்குறி 0.5 மி.மீ விலகியிருப்பதாகக் கொள்வோம்.

* குறிகளின் இடைவெளி 150 மி.மீ எனில், 25 மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 83 மி.மீ விலகும்.
* இடைவெளி 200 மி.மீ எனில், அதே பிழைக்கு 62.5 மி.மீ மட்டுமே விலகும்.

பன்னாட்டு 25 மீட்டர் துல்லிய இலக்கில் அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே 25 மி.மீ உள்ளது. ஆகவே கை செய்யும் பிழை மாறாவிட்டாலும், இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒரு புள்ளிக்குச் சமம். எனினும் நீளம் கூடும்போது முன்பாரமும் கூடி, கை விரைவில் களைப்படையும். பன்னாட்டு மையவெடிக் கைத்துப்பாக்கிப் போட்டியில் குழலின் உச்ச நீளம் 153 மி.மீ. இவ்வரம்புக்குள் 6 அங்குலக் குழல் அடங்கும். 8⅜ அங்குலக் குழல் அடங்காது.

பின்குறியைச் சரிசெய்தல்

பின்குறியில் இரண்டு திருகுகள் உள்ளன. ஒன்று மேல் கீழாகவும், மற்றது இடம் வலமாகவும் குறியை நகர்த்தும். பின்குறி நகரும் திசையிலேயே குண்டு படும் இடமும் நகரும். குண்டுகள் இடப்புறம் விழுந்தால் பின்குறியை வலப்புறம் நகர்த்த வேண்டும். தோட்டாவின் எடையும் வேகமும் மாறினால் குண்டு படும் உயரமும் மாறுவதால், நிலையான குறியைவிட இவ்வமைப்பு போட்டியாளருக்கு ஏற்றது. போட்டியாளர்கள் பெரும்பாலும் 148 கிரெயின் (சுமார் 9.6 கிராம்) எடையுள்ள தட்டைமுனை ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தினர். இவை தாளில் தெளிவான வட்டத் துளையை ஏற்படுத்துவதால் புள்ளிகளைக் கணக்கிடுவது எளிது.

பயன்பாடும் வீழ்ச்சியும்

இலக்குப் போட்டிகளில் மட்டுமன்றி, லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல்துறையிலும் 6 அங்குலக் கே-38 பணித் துப்பாக்கியாக இருந்தது. அமெரிக்கப் போட்டிகளின் விரைவுச் சுற்றில் 10 வினாடிகளில் ஐந்து முறை சுட வேண்டும். ஒவ்வொரு முறையும் சுத்தியைப் பின்னிழுக்கும் சுழல்துப்பாக்கியைவிட, தானே மீள்நிரப்பும் கைத்துப்பாக்கிக்கு இதில் தெளிவான ஆதாயம் உண்டு. 1961இல் இதே நிறுவனம் .38 தட்டைமுனைத் தோட்டாவுக்கென மாடல் 52 என்ற கைத்துப்பாக்கியை வெளியிட்டது. மாடல் 14இன் தொடர்ச்சியான உற்பத்தி 1980களின் தொடக்கத்தில் நின்றது. 1990களில் குழலின் அடியில் முழுநீள எடைப்பட்டையுடன் சில காலம் மீண்டும் தயாரிக்கப்பட்டது.

பழைய துப்பாக்கியை இனங்காணல்

இன்று விற்பனைக்கு வருபவற்றுள் பல, பலர் கைமாறியவை. உருளையைத் திறந்தால், உருளைத் தாங்கி மூடும் இடத்தில் சட்டகத்தின் மீது மாடல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1957க்கு முற்பட்டவற்றில் இவ்வெண் இராது. "14-1" போன்ற இணைப்பெண்கள் வடிவமைப்பு மாற்றங்களைக் குறிக்கும். 1959இல் தோட்டா வெளியேற்றும் தண்டின் மரை இடப்புற மரையாக மாற்றப்பட்டது. சுழற்சியால் தண்டு தளர்வதைத் தவிர்ப்பதே இதன் நோக்கம்.

எந்த ஆய்வுக்கும் முன்னர் ஆறு அறைகளும் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் உறுதிசெய்வது கட்டாயம். பின்னர் கவனிக்க வேண்டியவை:

* சுத்தியை மெதுவாகப் பின்னிழுக்கும்போது, அது நிலைகொள்வதற்குள் உருளை பூட்டிக்கொள்கிறதா?
* மூடிய உருளை முன்னும் பின்னும் மிகுதியாக ஆடுகிறதா?
* குழலின் பின்முனையில் வெடிப்போ அரிப்போ உள்ளதா?
* அறைகள் ஆழமாகக் குடையப்பட்டுள்ளனவா?

கடைசிக் கேள்வி உயிர்ப்பாதுகாப்பு பற்றியது. .357 மேக்னம் தோட்டாவின் விட்டம் .38 ஸ்பெஷலை ஒத்தது; உறை மட்டும் சுமார் 3.4 மி.மீ நீளம் கூடுதல். இந்நீளமே அத்தோட்டா கே-38இல் முழுமையாக நுழையாமல் தடுக்கிறது. மேக்னத்தின் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்கு. அறை குடையப்பட்ட துப்பாக்கியில் இத்தடை நீங்கிவிடுவதால் உருளை வெடிக்கும் வாய்ப்பு உண்டு. அதனைச் சுடப் பயன்படுத்தலாகாது.

ஐக்கிய அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, வேறு மாநிலத்தவரிடமிருந்து கைத்துப்பாக்கி வாங்குபவர் உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே பெற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* சுழல்துப்பாக்கி
* .38 ஸ்பெஷல்
* கோல்ட் பைத்தான்
* குறிபார்த்துச் சுடுதல்