காது குத்தினா தலைவலி போகுமா?

‘நம்ம முன்னோர் தலைவலிக்குத்தான் காது குத்தினாங்க’ன்னு எங்க கோட்டூர்புரத்துல அடிச்சுச் சொல்றவங்க உண்டு. பல வருஷ ஒத்தைத் தலைவலிக்காரனான எனக்கும் நம்பத்தான் ஆசை. ஆனா சரித்திரம் வேற கதை சொல்லுது.

சுஸ்ருத சம்ஹிதையில காது குத்தறது குழந்தையோட காப்புக்கும் அழகுக்கும். ஆறாம், ஏழாம் மாசத்துல செவிலி மடியில உக்கார வெச்சு, பொம்மை காட்டி, வெயில் ஊடுருவித் தெரியற மெல்லிய இடத்துல குத்தணும். அந்த அத்தியாயத்துல தலைவலிக்கு வைத்தியமா காது குத்தற பேச்சே இல்லை.

காதுல உடம்பு முழுக்க இருக்குன்னு படம் போட்டவர் பிரான்ஸின் லியோன் நகர டாக்டர் பால் நோஜியே. கால் நரம்பு வலிக்குக் காதுல சூடு போட்டுக்கிட்டு வந்தவங்களைப் பாத்துத்தான் அவருக்குப் பொறி தட்டிச்சு. 1957ல தலைகீழ் சிசு மாதிரி காது வரைபடம் வெளியிட்டார்.

காதுக்குள்ள குருத்தெலும்பு மடிப்புல போடற ‘டெய்த்’ வளையம் 1990கள்ல அமெரிக்காவுல அலங்காரமா பிரபலமாச்சு. தலைவலி மருந்துன்னு அது பரவினது 2015 வாக்குலதான். சிலரோட அனுபவக் குறிப்புகள் இருக்கு. உறுதியான ஆய்வு இல்லை. குருத்தெலும்புல சீழ் பிடிச்சா காதோட வடிவமே கெட்டுடும்.

அதனால நான் குத்திக்கறதா இல்லை. குழந்தைக்குப் பொம்மை காட்டிக் காது குத்தினாங்க. பெரியவங்களுக்கு முன்னோரைக் காட்டிக் குத்தறாங்க, அவ்ளோதான்!

உங்க ஊர்ல என்ன காரணம் சொல்வாங்க? சொல்லுங்களேன்.