ஒளியிழை: கண்ணாடி தூய்மையான வரலாறு

ஒளியிழை என்பது தலைமுடிப் பருமனே உள்ள கண்ணாடி இழை. அதன் நடுவில் உள்ளகம், சுற்றிலும் உறை. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் உறையினுடையதைவிடச் சற்றே அதிகம். ஆகவே உள்ளகத்தில் செல்லும் ஒளி வெளியே கசியாமல் முழு அக எதிரொளிப்பு அடைந்து, இழை வளையும் இடங்களில் தானும் வளைந்து போகிறது. பேச்சு, எழுத்து, படம் அனைத்தும் முதலில் 0, 1 என்ற இலக்கங்களாக மாறுகின்றன. லேசர் அவற்றை ஒளித் துடிப்புகளாக அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள உணர்வி அவற்றை மின்சைகைகளாக மாற்றித் தருகிறது.

இதன் தத்துவம் பழையது. 1840-களிலேயே ஜெனீவாவில் டேனியல் கொலடோன், நீர்த்தாரையோடு சேர்ந்து ஒளியும் வளைவதைச் செய்து காட்டினார். 1954-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவங்களைக் கடத்தினர். உடலின் உள்ளுறுப்புகளைப் பார்க்கும் எண்டோஸ்கோப்புக்கு அது போதுமானதாக இருந்தது; தொலைபேசிக்குப் போதவில்லை. அன்றைய கண்ணாடியில் இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 1,000 டெசிபல். அதாவது, 20 மீட்டர் கடப்பதற்குள் ஒளியில் நூறில் ஒரு பங்கே மிஞ்சும்.

இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வகத்தில் பணியாற்றிய சார்லஸ் காவ், 1966-இல் ஜார்ஜ் ஹாக்கமுடன் எழுதிய கட்டுரை இந்த முடிச்சை அவிழ்த்தது. ஒளியைப் பெரும்பாலும் விழுங்குவது கண்ணாடியல்ல, அதில் கலந்துள்ள இரும்பு போன்ற மாசுகளே என்பது அவர் வாதம். இழப்பை 20 டெசிபலுக்குக் குறைத்தால், ஒரு கிலோமீட்டர் தாண்டியும் அந்த நூறில் ஒரு பங்கு மிஞ்சும். தொலைத்தொடர்புக்கு அது போதும் என்றார். இதற்காக அவருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த இலக்கை 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராபர்ட் மௌரர், டொனால்ட் கெக், பீட்டர் ஷுல்ட்ஸ் மூவரும் எட்டினர். மணலை உருக்கும் வழக்கமான முறையில் மாசு நீங்காது. ஆகவே அவர்கள் சிலிக்கான் சேர்மத்தின் ஆவியைச் சுடரில் எரித்து, அதில் உண்டான நுண்துகள்களைச் சிலிக்காக் குழாயின் உட்சுவரில் படியவைத்தனர். உள்ளகத்தின் ஒளிவிலகல் எண்ணை உயர்த்தச் சிறிதளவு டைட்டானியம் சேர்த்தனர். பிறகு குழாயைச் சூடாக்கி இழையாக இழுத்தனர். இழப்பு கிலோமீட்டருக்கு 17 டெசிபலாக இறங்கியது. அதே ஆண்டில் அறை வெப்பநிலையில் இடைவிடாது இயங்கும் குறைகடத்தி லேசரும் பிறந்தது. 1977-இல் லாங் பீச், சிகாகோ நகரங்களின் தொலைபேசி அழைப்புகள் ஒளியிழையில் ஓடின.

1970-களின் இறுதிக்குள் 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில் இழப்பு 0.2 டெசிபலாகக் குறைந்தது. 20 மீட்டரில் நூறில் ஒரு பங்காகத் தேய்ந்த ஒளி, இப்போது அந்த அளவுக்குத் தேய 100 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. 1988-இல் அட்லாண்டிக்கின் முதல் ஒளியிழைக் கேபிளான டாட்-8 இயங்கத் தொடங்கியது. 1956-இல் போடப்பட்ட டாட்-1 செப்புக் கேபிளில் ஒரே நேரத்தில் 36 அழைப்புகளே பேச முடிந்தது. டாட்-8 சுமார் 40,000 அழைப்புகளைத் தாங்கியது.

ஆயினும் டாட்-8-இல் ஆங்காங்கே ஒளியை மின்சாரமாக்கி, வலுவூட்டி, மீண்டும் ஒளியாக்க வேண்டியிருந்தது. 1987-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழு உருவாக்கிய எர்பியம் பெருக்கி, ஒளியை ஒளியாகவே பெருக்கியது. பல அலைநீளங்களை அது ஒருசேரப் பெருக்கியதால், ஒவ்வோர் அலைநீளத்திலும் தனித்தனித் தரவை ஒரே இழையில் அனுப்ப வழி பிறந்தது. 2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடிக் கேபிளும், 2020-இல் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சென்ற கேபிளும் இந்த முறையிலேயே தரவைச் சுமக்கின்றன.