பெயரும் பிணியும்: கவனப் பற்றாக்குறை மிகையியக்கக் கோளாறு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓரிடத்தில் நிலைகொள்ளாத, தொடங்கிய செயலை முடிக்க இயலாத குழந்தைகளை மருத்துவம் காலந்தோறும் வெவ்வேறு பெயரால் அழைத்துள்ளது. அப்பெயர்கள் மதிப்பீட்டையும் சிகிச்சையையும் எங்ஙனம் மாற்றின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒழுக்கமும் மூளையும்

ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், 1798இல் வெளியிட்ட நூலில், கவனத்தை ஒன்றில் நிறுத்த இயலாமையைத் தனியொரு நிலையாக விவரித்தார். 1902இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள், அறிவுக் குறையின்றியும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தைகளைப் பற்றியன. உடல்சார் காரணத்தை அவர் கருதியபோதிலும், 'ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை' என்றே பெயரிட்டார். 1917ஐ ஒட்டிப் பரவிய மூளையழற்சியிலிருந்து பிழைத்த குழந்தைகள் சிலரிடம் இத்தகைய நடத்தை காணப்பட்டது. எனவே கருத்து மூளையின்பால் திரும்பியது. பின்னர், சேதத்திற்குச் சான்று கிட்டாத குழந்தைகளுக்கும் 'நுண்ணிய மூளைச் சேதம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

மருந்தும் மதிப்பீடும்

அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி, 1937இல் 30 குழந்தைகளுக்குப் பென்சிட்ரின் என்னும் ஊக்க மருந்தை அளித்தார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் கல்விச் செயற்பாடு வியக்கத்தக்க வகையில் மேம்பட்டது. 1944இல் உருவாக்கப்பட்ட மெத்தில்பெனிடேட் பின்னர் முதன்மை மருந்தாயிற்று.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு, 1968இல் மிகையியக்கத்தைப் பெயராக்கியது. அமைதியாக அமர்ந்தே கவனமிழக்கும் குழந்தைக்கு அப்பெயரில் இடமில்லை. வர்ஜீனியா டக்ளஸ் முதலானோர் 1970களில் கவனத்தை முதன்மைப்படுத்தினர். அதன்பின், 1980இன் கையேடு 'கவனப் பற்றாக்குறைக் கோளாறு' எனப் பெயர் மாற்றி, மிகையியக்கம் இல்லாத வகையையும் ஏற்றது. 1987இல் இரண்டும் ஒரே பெயரில் இணைந்தன; 1994இல் மூவகையாகப் பகுக்கப்பட்டன.

இக்கோளாற்றை உறுதிசெய்யக் குருதிச் சோதனையோ மூளைப் படமோ இல்லை. அறிகுறிகள் ஆறு திங்களேனும் நீடித்தல், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட சூழலில் தோன்றுதல், 2013இன் கையேட்டின்படி 12 வயதிற்குமுன் வெளிப்படுதல் ஆகியன நோக்கப்படுகின்றன. ஆகவே பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் கூற்றே மதிப்பீட்டின் அடிப்படையாகிறது. 1999இல் வெளிவந்த, 579 குழந்தைகளை 14 திங்கள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு, முதன்மை அறிகுறிகளைக் குறைப்பதில் நடத்தைச் சிகிச்சையினும் முறையான மருந்துச் சிகிச்சை மேம்பட்டது எனக் காட்டியது. இரண்டும் இணைந்தபோது குறைந்த அளவு மருந்தே போதியதாயிற்று.

முடிவுரை

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. கற்றல் குறைபாடு அதில் இடம்பெற்றது. இக்கோளாறு பெயர் சுட்டப்பெறவில்லை.

தமிழில் இதனைக் 'கவனக்குறைவு' என வழங்குவதும் உண்டு. ஆனால் 'ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து' என்னும் செய்தித்தாள் வழக்கில் அச்சொல் குற்றத்தையே குறிக்கிறது. மருத்துவம் கைவிட்ட ஒழுக்கப் பழி, கலைச்சொல் வழியாக மீண்டும் குழந்தையின்மேல் ஏறுகிறது எனலாம். குழந்தையைப் பற்றிக் கூறவேண்டிய பெற்றோரும் ஆசிரியரும் அச்சொல்லின் வழியே நோக்குவராயின், மதிப்பீடே பிழைபடக்கூடும். எனவே 'கவனப் பற்றாக்குறை' என்பதே பொருத்தமான கலைச்சொல் என இக்கட்டுரை முன்மொழிகிறது.