ஐந்தாவது ஆளை எண்ணாத கருவி

அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை இருப்பதால் ஆனைக்குட்டம் என்ற பெயரை விருதுநகர்க்காரர்கள் குடிதண்ணீரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்த வட்டாரத்தின் பிழைப்போ பெரும்பாலும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத்தொழில் என்ற மூன்றில் அடங்கிவிடும். பட்டாசு ஆலைக்குள் போகிறவர் செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. பீடி, தீப்பெட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். நைலான் துணி கூடாது, பருத்திதான். உராய்வில் பொறி கிளம்பக் கூடாது என்று தரையில் ரப்பர் விரிப்பு போட வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. தயாரிப்பு அறைகளில் பொதுவாக நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்து கலக்கும் அறையில் அதைவிடவும் குறைவு. அறைக்கும் அறைக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்றும் கணக்கு இருக்கிறது. யார் யாரோடு, எத்தனை பேராக உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று சட்டமே எண்ணி வைத்திருக்கும் தொழில்கள் அதிகம் இல்லை.

இதே கேள்வியை, அதாவது வேலை நடக்கும் இடத்தில் யார் யாரோடு எவ்வளவு நேரம் பழகுகிறார்கள் என்பதை, வேறு காரணத்துக்காகக் கேட்டவர்களின் வரலாறு ஒன்று உண்டு. அதற்கு நூறு வயது ஆகிறது. சட்டையில் மாட்டிக்கொள்ளும் சென்சார் அதில் கடைசி அத்தியாயம்தான்.

முதல் அத்தியாயம் பி.காம். மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது என்று பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். 1927-ல் டெலிபோன் ரிலே பூட்டும் பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி ஒரு ரிலேவை முடித்துக் குழாய் போன்ற சரிவில் போட்டால், நகரும் காகிதப் பட்டையில் ஒரு ஓட்டை விழும். நிமிடக் கணக்கில் வேலை பதிவாகிவிடும்! பேச்சுக்கு அப்படிக் கருவி வைக்கவில்லை. ஆகவே ஒரு ஆளையே மூலையில் உட்கார வைத்து, பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். 1928 ஜனவரியில் இரண்டு பெண்களை அந்த அறையிலிருந்து மாற்றிவிட்டார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, அதிகம் பேசுகிறார்கள் என்பது. பேச்சைப் பற்றி ஆராயும் அறையிலிருந்து பேசியதற்காக வெளியேற்றம். பாடப் புத்தகங்களில் இது வராது.

அடுத்து 1931-ல் 14 ஆண்கள் வேலை செய்த ஒரு அறை. யார் யாருக்குக் கைகொடுக்கிறார்கள், யார் யாரோடு விளையாடுகிறார்கள், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது வரை கோடு போட்டுப் படமாக வரைந்தார்கள். அந்த ஆண்கள் தங்களுக்குள் ஒரு அளவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் வேலை செய்ய மறுத்தது தெரியவந்தது. அளவை மீறுகிறவனுக்குத் தோளில் ஒரு குத்து! அதிகம் செய்து காட்டினால் கம்பெனி கூலி விகிதத்தைக் குறைத்துவிடும் என்ற பயம். சிவகாசிப் பக்கம் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை பார்க்கிற யாருக்கும் இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. பொருளாதார மந்தத்தால் 1932-ல் நடந்த ஆட்குறைப்பில் அந்த அறையே கலைந்துபோனது.

ஆளை உட்கார வைத்து எழுதுவது மெதுவான வேலை. எலியட் சாப்பிள் என்ற மானுடவியலாளர் 1940-ஐ ஒட்டி ஒரு இயந்திரம் செய்தார். இரண்டு பேர் பேசும்போது பார்வையாளர் பொத்தான்களை அழுத்துவார். யார் எவ்வளவு நேரம் பேசினார், யார் குறுக்கிட்டார், எவ்வளவு மௌனம் என்று பதிவாகும். என்ன பேசினார்கள் என்பது அதற்குத் தேவையே இல்லை. பேச்சின் பொருளை விட்டுவிட்டு அதன் ஓட்டத்தை மட்டும் அளக்கலாம் என்ற யோசனை இங்கேதான் பிறந்தது. இன்றைய சென்சார்கள் செய்வதும் இதைத்தான்.

இந்தியாவிலும் ஒரு அத்தியாயம் உண்டு, அதில் கருவி கிடையாது. 1953-ல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடத்தில் 224 தறிகளை 29 பேர், 12 வகை வேலைகளாகப் பிரித்துக்கொண்டு ஓட்டினார்கள். புதுத் தறி வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். ஒருவர் வேலை எங்கே முடிகிறது, யாரைக் கேட்பது என்பதே குழப்பம் என்று தெரிந்தது. ஒரு குழு மொத்தமாகச் சில தறிகளுக்குப் பொறுப்பு என்று அவர் சொன்னதும், குழுக்களைப் பிரிக்கும் வேலையைத் தொழிலாளர்களே கையில் எடுத்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, துணியில் பழுது குறைந்தது. இந்த நூறு வருடக் கதையில் அளக்கப்பட்டவர்களே முடிவெடுத்த இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

உடம்பில் மாட்டும் கருவி வந்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில். 1990-ஐ ஒட்டிய வருடங்களில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் ராய் வான்ட், ஆன்டி ஹாப்பர் குழுவினர் ‘ஆக்டிவ் பேட்ஜ்’ என்று ஒன்றைச் செய்தார்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கதிரை விடும். யார் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்து, அவருக்கு வரும் போனை அங்கே திருப்பலாம். அவ்வளவுதான் நோக்கம்.

2002-ஐ ஒட்டி எம்.ஐ.டி. மீடியா லேப்பில் (குரோம்பேட்டை அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்!) தன்சீம் சௌத்ரி என்ற ஆய்வு மாணவி, பேராசிரியர் அலெக்ஸ் பென்ட்லாண்டுடன் சேர்ந்து ‘சோஷியோமீட்டர்’ செய்தார். எதிரே நிற்பவரை அறிய அகச்சிவப்பு, பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு மைக், அசைவுக்கு ஒரு சென்சார். தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு டேனியல் ஓல்கின், பென் வேபர் ஆகியோர் அதைக் கழுத்தில் தொங்கும் பேட்ஜாக ஆக்கினார்கள். ஜெர்மனியில் ஒரு வங்கியின் மார்க்கெட்டிங் பிரிவில் 22 பேர் மாட்டிப் பார்த்தார்கள். ஜப்பானில் ஹிட்டாச்சி கம்பெனியும் கசுவோ யானோ தலைமையில் இதே மாதிரி பெயர் அட்டை ஒன்றை உருவாக்கியது.

இதில் புகழ்பெற்றது ஒரு வங்கியின் கால் சென்டரில் நடந்த ஆய்வு. போன் எடுக்க ஆள் குறையக் கூடாது என்று அங்கே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் இடைவேளை. பேட்ஜ் கணக்கைப் பார்த்தவர்கள், ஒரே குழுவுக்கு ஒரே நேரத்தில் இடைவேளை கொடுங்கள் என்றார்கள். ஒரு அழைப்பை முடிக்கும் சராசரி நேரம் மொத்தத்தில் 8 சதவீதமும், பின்தங்கிய குழுக்களில் 20 சதவீதத்துக்கு மேலும் குறைந்தது என்று 2012-ல் பென்ட்லாண்ட் எழுதினார். எல்லா மையங்களிலும் மாற்றினால் வருடத்துக்கு 1.5 கோடி டாலர் மிச்சம் என்பது மேனேஜரின் மதிப்பீடு. சேர்ந்து டீ குடித்தால் வேலை ஓடும் என்பதைச் சொல்ல இவ்வளவு கருவியா என்று கேட்கலாம். ஆனால் எண் இல்லாமல் எந்த மேனேஜரும் டீ நேரத்தை மாற்றியிருக்க மாட்டார் என்பதும் உண்மை.

2018-ல் இதே பேட்ஜ் நிர்வாகத்தின் நம்பிக்கை ஒன்றையும் உடைத்தது. சுவர்களை எடுத்துவிட்டால் ஊழியர்கள் அதிகம் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்த இரண்டு பெரிய கம்பெனிகளில் ஈத்தன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் அளந்தார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, ஈமெயில் கூடியிருந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் மனிதன் வாயை மூடிக்கொள்கிறான்!

இந்தியாவில் கருவி ஏறியது துப்புரவுத் தொழிலாளர்களின் கையில். நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா மாநகராட்சிகள் ஜி.பி.எஸ். வாட்சைக் கட்டச் சொன்னன. யாரோடு பேசுகிறார் என்ற கேள்வியே அதில் இல்லை. எங்கே நிற்கிறார் என்பது மட்டும். இடம் மாறினால் சம்பளம் பிடிக்கிறார்கள், கழிவறைக்குக் கூட நிம்மதியாகப் போக முடியவில்லை என்று பெண் தொழிலாளர்கள் போராடினார்கள்.

நெருக்கத்தை ஆபத்தாகக் கணக்கிட்ட ஆய்வும் இருக்கிறது. 2013-ல் பிரான்சில் ஒரு அலுவலகத்தில் ஊழியர்களின் நெஞ்சில் ரேடியோ பேட்ஜ் மாட்டி, யாரிடமிருந்து யாருக்கு நோய் பரவும் என்று பார்த்தார்கள். சுமார் ஒன்றரை மீட்டருக்குள் இருவர் எதிரெதிரே நின்றால் பதிவாகும்.

பட்டாசு அறைக்குத் தேவையானது இந்த மூன்றாவது வகைக் கணக்குதான். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்த விஷயம் அப்போது வெளியே வந்தது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள், மரத்தடியில் வேலை என்பவை விபத்துக்குப் பின் வரும் செய்திகளில் வழக்கமான வரிகள். நான்கு பேர் அறையில் ஐந்தாவது ஆள் நுழைந்ததை விபத்துக்கு முன்னால் சொல்ல ஒரு பேட்ஜ் போதும். தொழில்நுட்பத் தடை இருக்கிறது: பேட்டரியும் ரேடியோவும் உள்ள எதையும் மருந்துத் தூசி பறக்கும் இடத்தில் சும்மா விட முடியாது. ஆனால் சுரங்கத்துக்கும் பெட்ரோல் கிடங்குக்கும் பொறி கிளம்பாத கருவிகள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

பெரிய தடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. துப்புரவு வாட்ச் காட்டுவது தொழிலாளியின் தப்பை. அதை வாங்க நிர்வாகத்திடம் பணம் இருந்தது. கால் சென்டர் பேட்ஜ் லாபத்தைக் காட்டியது. அதற்கும் பணம் இருந்தது. ஐந்தாவது ஆளை எண்ணும் கருவி காட்டப்போவது உரிமம் வைத்திருப்பவரின் தப்பை. அதை அவரே காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால் எப்படி நடக்கும்? தொழிலாளிக்கும் அதில் ஆசை வராது. எண்ணிக்கைக் கூலி என்றால், ஐந்தாவதாக வந்து உட்காருவது பெரும்பாலும் அவரோடு வேலைக்கு வந்த சொந்தக்காரராகவே இருக்கும்.

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை தொடர்பான சில காரணங்களுக்காக ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே முதலாளி பயன்படுத்த வழி விடுகிறது. முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதும் அந்தக் காரணங்களில் ஒன்று. ஊழியர் தன் பாதுகாப்புக்காக அந்தத் தரவைக் கேட்டு வாங்கும் வழியைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை.

இப்போதைக்குப் பட்டாசு ஆலையில் இதற்கென்று இருக்கும் ஒரே கருவி பெயின்ட். அறைக்கு வெளியே அறை எண், எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்று எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதைப் படித்துவிட்டு எட்டிப் பார்க்கிற ஆள் வந்தால்தான் தெரியும்.